எட்டு மாதத்தில் நான்கு கிலோ



புதுச்சேரி அரியாங்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வயது 22, உயரம் 170 சென்டிமீட்டர். ஜிம்மில் சேர்ந்தபோது எடை 58 கிலோ, எட்டு மாதம் கழித்து இப்போது 62. “நாலு கிலோதான் சார் ஏறியிருக்கு. என்கூடச் சேர்ந்தவன் மூணு மாசத்துல பன்னெண்டு கிலோ ஏத்திட்டான். நேச்சுரலா ஏத்தறதெல்லாம் நடக்காது, ஒரு சைக்கிள் ஊசி போடுன்னு சொல்றாங்க. போட்டுக்கலாமா?” என்று கேட்கிறார்.

ஊக்க மருந்து ஊசி வேண்டாம், தம்பி. முதல் பதில் அதுதான். அதைவிட முக்கியமான இன்னொரு பதிலும் இருக்கிறது. நாலு கிலோ“தான்” என்று எழுதியிருக்கிறீர்களே, அது தோல்வியே இல்லை. ஒழுங்காகப் பயிற்சி செய்து வீட்டுச் சாப்பாடு சாப்பிடும் ஒருவருக்கு எட்டு மாதத்தில் நான்கு கிலோ என்பது நல்ல வளர்ச்சி. உங்களைச் சுற்றி நிற்பவர்களில் ஒருவர்கூட இதை உங்களிடம் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். அதனால் இந்த மாதம் ஆசிரியர் பக்கத்தை உங்களுக்கே எழுதுகிறேன். மற்ற வாசகர்களும் கூடவே படியுங்கள். உங்கள் வீட்டிலும் இதே கேள்வியை வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம்.

இந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. 2008-ல் ‘வாரணம் ஆயிரம்’ வந்தபோது சூர்யாவின் சிக்ஸ் பேக்கைப் பார்த்து ஊருக்கு ஊர் இளைஞர்கள் ஜிம்முக்குப் போனார்கள். 2015-ல் ‘ஐ’ படத்தில் விக்ரம் ஆணழகனாகவும் உருக்குலைந்த மனிதனாகவும் வந்தார். அதற்குப் பின்னால் இருந்த நீண்ட உழைப்பு திரையில் சில நிமிடப் பாட்டாகச் சுருங்கிவிடுகிறது. இப்போது கைபேசியில் அரை நிமிடக் காணொளிகள். இடப்பக்கம் ஒல்லியான பையன், வலப்பக்கம் மலைபோன்ற உடம்பு, கீழே “90 நாள்” என்று எழுத்து. ஆணழகன் போட்டி மேடையில் நாம் பார்க்கும் உடம்பும் அந்த வீரருக்கே வருடம் முழுக்க இருப்பதில்லை. மூன்று நான்கு மாதம் உணவைக் குறைத்து, கடைசி நாள்களில் தண்ணீரையும் உப்பையும் கட்டுப்படுத்தி, எண்ணெய் தடவி, விளக்கு வெளிச்சத்தில் நிற்கும்போது தெரிவது அது. அந்த ஒரு நாளைத் தன் தினசரிக் கண்ணாடியோடு ஒப்பிட்டுத்தான் ஒரு பையன் மனம் உடைகிறான்.

சரி, உண்மையான கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ தசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். புரதம் சுமார் 200 கிராம்தான். புதிதாக எடை தூக்கத் தொடங்கும் ஆணுக்கு முதல் ஆண்டில் மாதம் அரை கிலோ தசை கூடினால் நல்லது. உடல்வாகு, உணவு, தூக்கம், பயிற்சி நான்கும் ஒன்றாக அமைந்த சிலருக்கு ஒரு கிலோவை நெருங்கலாம். மாதம் அரை கிலோ என்றால் அதில் புரதம் 100 கிராம். முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு மூன்று கிராம் சொச்சம். அரை முட்டையில் இருக்கிற புரதம் அவ்வளவுதான். ஒரு நாள் முழுக்க உடம்பு தசையில் புதிதாகச் சேர்த்துவைக்க முடிந்தது அந்த அரை முட்டை அளவு என்றால், மூன்று மாதத்தில் பன்னிரண்டு கிலோ எங்கிருந்து வரும்? அந்த நண்பர் பொய் சொல்லவில்லை. எடை ஏறியிருக்கும். அதில் தசை இரண்டு மூன்று கிலோ இருந்தால் பெரிது. மற்றதெல்லாம் கொழுப்பு, தண்ணீர், வயிற்றில் இருக்கும் சாப்பாடு. அப்படி இல்லையென்றால் ஊசி.

முதல் ஆண்டின் வேகம் அப்படியே தொடராது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டில் ஏறக்குறைய பாதியாகும், மூன்றாம் ஆண்டில் அதிலும் பாதி. ஐந்தாறு ஆண்டு விடாமல் பயிற்சி செய்தவருக்கு ஒரு வருடத்தில் ஒரு கிலோ தசை கூடினாலே மகிழ்ச்சி அடையலாம். இது உங்கள் முயற்சியின் குறையால் வருவது இல்லை. தன் எல்லையை நெருங்க நெருங்க எல்லா உடம்பும் இப்படித்தான் மெதுவாகும்.

எல்லை என்று ஒன்று இருக்கிறதா? இருக்கிறது. 1995-ல் அமெரிக்காவில் ஹாரிசன் போப் என்ற மனநல மருத்துவரின் குழு 157 விளையாட்டு வீரர்களை அளந்தது. கொழுப்பைக் கழித்த எடையை எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தார்கள். ஊக்க மருந்து எடுக்காதவர்களுக்கு அந்த எண் 25 அளவில் நின்றது. எடுத்தவர்களில் பலர் அதைத் தாண்டினார்கள், சிலர் 30-ஐயும் தாண்டினார்கள். ஊக்க மருந்து பரவாத காலத்தில், 1939 முதல் 1959 வரை, மிஸ்டர் அமெரிக்கா பட்டம் வென்றவர்களின் புகைப்படங்களையும் அளவுகளையும் வைத்துக் கணக்கிட்டபோதும் சராசரி 25-ஐ ஒட்டியே வந்தது. மருந்தில்லாமலே 25-ஐத் தாண்டிய பெரிய உடம்புக்காரர்கள் சிலரைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அவர்கள் மிக அபூர்வம்.

இந்தக் கணக்கை உங்களுக்குப் போட்டுப் பார்த்தேன், தம்பி. உடம்பில் கொழுப்பு 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், சேர்ந்தபோது உங்கள் எண் 17, இப்போது 18-ஐத் தாண்டியிருக்கிறீர்கள். நான்கைந்து ஆண்டு விடாமல் செய்தால் 20, 21 வரை போகலாம் என்று நம்புவது நியாயமான ஆசை. அப்போது உங்கள் எடை 70 கிலோ அளவில், வயிறு தள்ளாமல் இருக்கும். சட்டை போட்டாலும் தோள் தெரியும், படியேறினால் மூச்சு வாங்காது. 25-ஐத் தொட வேண்டும் என்றால் அதே உயரத்துக்கு 85 கிலோ, அதுவும் கொழுப்புக் கூடாமல். அது அந்த உடல்வாகோடு பிறந்த மிகச் சிலருக்கு மட்டும். நீங்கள் அவர்களில் ஒருவராக இல்லாமல் போனால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

உடல்வாகு என்று நான் சொல்வது சமாதானத்துக்காக இல்லை. 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் 585 ஆண்களும் பெண்களும் ஒரே கைக்கு மட்டும் 12 வாரம் ஒரே பயிற்சியைச் செய்தார்கள். முடிவில் ஒருவருக்குப் பைசெப்ஸ் 59 சதவீதம் பெருத்திருந்தது. இன்னொருவருக்கு இரண்டு சதவீதம் குறைந்தே போயிருந்தது. ஒரே பயிற்சி, ஒரே காலம். பெரும்பாலானவர்கள் நடுவில் இருந்தார்கள். ஆகவே பக்கத்து பெஞ்சில் இருப்பவரின் கையைப் பார்த்து உங்கள் உழைப்பை எடை போடாதீர்கள். உங்கள் போன மாதத்து நோட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். அன்று 30 கிலோவை எட்டு முறை தூக்கியவர் இன்று பத்து முறை தூக்குகிறார் என்றால் உடம்பு கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மருந்தில்லாத காலத்தில் பெரிய உடம்புகளே இல்லையா என்று சிலர் கேட்கிறார்கள். இருந்தன. இந்த ஊசிகளில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனை ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாகச் செய்தது 1935-ல். அதைச் செய்த பூட்டெனாண்ட், ருசிக்கா இருவருக்கும் 1939-ல் வேதியியல் நோபல் பரிசு அறிவித்தார்கள். டயனபால் என்ற ஊக்க மாத்திரை சந்தைக்கு வந்தது 1958-ல். உலகத்துக்கே உடற்கட்டைக் கற்றுக்கொடுத்த யூஜின் சாண்டோ 1925-லேயே காலமாகிவிட்டார். அவர் எடை எண்பது சொச்சம் கிலோதான். இன்றைய கைபேசித் திரையில் அவர் வந்தால் நம் பிள்ளைகள் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது. அந்த மனிதர் 1904-05 வாக்கில் இந்தியாவுக்கு வந்து காட்சி நடத்தினார். அவர் பெயர் நம் ஊரில் பட்டமாகவே ஒட்டிக்கொண்டது. கோவையில் உடற்பயிற்சியில் வளர்ந்து, பின்னாளில் தேவர் பிலிம்ஸ் நடத்திய சின்னப்பா தேவர் கடைசிவரை ‘சாண்டோ’ சின்னப்பா தேவர்தான்.

இன்னும் எனக்குப் பிடித்த பெயர் ஒன்று உண்டு. மனோகர் ஆயிச், வங்காளத்துக்காரர், 1912-ல் பிறந்தவர். உயரம் நான்கு அடி பதினொரு அங்குலம். பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து, ஆங்கிலேய அதிகாரியோடு மோதிச் சிறைக்குப் போனவர். சிறையிலும் பயிற்சியை விடவில்லை. 1951-ல் லண்டனில் நடந்த மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டியில் பட்டம் கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு ஒரு வருடம் பயிற்சி செய்தார். 1952-ல் தன் பிரிவில் வென்றார். வயது அப்போது நாற்பது. சோறு, பருப்பு, மீன், பால், காய்கறி என்று எளிய வங்காளச் சாப்பாட்டில் வளர்ந்த உடம்பு அது. நூறு வயதைத் தாண்டி 2016-ல்தான் மறைந்தார். நாற்பது வயதில் பட்டம் வாங்கியவரின் வாழ்க்கையை, 90 நாள் விளம்பரத்தைப் பார்க்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்ல வேண்டும்.

ஊசி வேலை செய்யாது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிப் பொய் சொல்லிப் பிள்ளைகளைத் தடுக்க முடியாது. ஜிம்முக்குள் போனதும் பொய் வெளுத்துவிடும். 1996-ல் ஷலேந்தர் பாசின் என்ற இந்திய வம்சாவளி மருத்துவரின் குழு அமெரிக்காவில் 43 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், பத்து வாரம். மருந்தில்லாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை இரண்டு கிலோ அளவு கூடியது. பயிற்சியே செய்யாமல் ஊசி மட்டும் போட்டவர்களுக்கு மூன்று கிலோவுக்கு மேல். இரண்டும் சேர்ந்தவர்களுக்கு ஆறு கிலோ. அதாவது சும்மா இருந்து ஊசி போட்டவர், வியர்வை சிந்திய நேச்சுரல் ஆளைவிட அதிகம் ஏறினார். இதை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஊசி போட்டவரோடு உங்களை ஒப்பிடவே முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. அவர் வேறு பந்தயத்தில் ஓடுகிறார்.

அந்த ஆய்வு மருத்துவர்களின் கண்காணிப்பில், தரமான மருந்தோடு, பத்து வாரத்தில் முடிந்தது. ஜிம் வாசலில் கைமாறும் குப்பியில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருந்தால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொள்கிறது. விரைகள் சுருங்குகின்றன, விந்தணு எண்ணிக்கை விழுகிறது. சிலருக்கு ஆண் மார்பு பெண் மார்புபோல் பெருக்கிறது. அது பல சமயம் அறுவை சிகிச்சை இல்லாமல் போகாது. நல்ல கொழுப்பு குறைகிறது, இரத்தம் தடிக்கிறது, இதயத் தசை தடித்து விறைக்கிறது. வாய்வழி மாத்திரைகள் கல்லீரலைக் கெடுக்கின்றன. திடீரென்று நிறுத்தினால் சொந்த ஹார்மோன் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அந்த இடைவெளியில் வரும் மனச்சோர்வு பொல்லாதது. ஏறிய உடம்பும் இறங்கும், ஆசையும் போகும், காரணம் புரியாமல் வீட்டில் எல்லோரோடும் சண்டை வரும். பிள்ளைப் பேறுக்காக மருத்துவரிடம் போகும் இளம் தம்பதிகளில், கணவன் எப்போதோ போட்ட ஊசியைக் கடைசிவரை சொல்லாமல் இருப்பதும் உண்டு. ஊசியைப் பகிர்ந்துகொண்டால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி-யும் கூடவே வரும்.

இன்னொரு குப்பியையும் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சை நடக்கும்போது நோயாளியின் இரத்த அழுத்தம் விழுந்தால் மயக்க மருத்துவர்கள் கொடுக்கும் மெபென்டெர்மின் என்ற மருந்து, ‘பயிற்சிக்கு முன் ஒரு ஷாட்’ என்று ஜிம்களில் புழங்குகிறது. தமிழ்நாட்டில் இதை விற்றவர்களைக் காவல்துறை கைது செய்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். இது தசையை வளர்க்கும் மருந்தே இல்லை. இதயத்தை அடித்து ஓடவிடும், இரத்த அழுத்தத்தை ஏற்றும், விட முடியாத பழக்கமாக மாறும். யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அவரோடு நட்பையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இனி எடை மெஷின். காலையில் 62 காட்டியது மாலையில் 63.5 காட்டும். முந்தின இரவு பிரியாணி சாப்பிட்டிருந்தால் அடுத்த நாள் ஒரு கிலோ கூடியிருக்கும். தசைக்குள் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் மூன்று கிராம் தண்ணீரைக் கூட வைத்துக்கொள்கிறது. அதனால் தினமும் ஏறி நின்று மனம் வாடாதீர்கள். வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். கூடவே தையல்கடை டேப் ஒன்று வாங்கி, தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து குறித்துவையுங்கள். எடை கூடி இடுப்பு அப்படியே இருந்தால் நல்ல பாதையில் போகிறீர்கள். இரண்டும் சேர்ந்து கூடினால் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

இடுப்பைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்கு நம் இந்திய உடம்புதான் காரணம். 2004-ல் லான்செட் இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லியாக, உள்ளே கொழுப்பாக இருப்பது நம் நாட்டு உடம்பில் பரவலாகக் காணப்படுவது. அதனால்தான் இந்தக் குறியீட்டில் உலகத்துக்கு 25 என்று வைத்த அதிக எடை வரம்பை இந்தியர்களுக்கு 23 என்று நம் மருத்துவர்கள் குறைத்தார்கள். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் இடுப்பு போகக் கூடாது என்பதும் நமக்கென்று வைத்த அளவு.

புதுவைக்காரர்களுக்கு இது வெறும் பாடம் இல்லை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் நாடு தழுவிய ஆய்வில் நீரிழிவு மிக அதிகம் இருந்த இடம் கோவா, 26.4 சதவீதம். அடுத்தது புதுச்சேரி, 26.3. பெரியவர்களில் நால்வரில் ஒருவருக்கு மேல். தொப்பையில் புதுச்சேரிதான் முதலிடம், அறுபது சதவீதத்துக்கும் அதிகம். சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். அரியாங்குப்பத்தில் ஒரு பையன் மருந்தில்லாமல் நான்கு கிலோ ஏற்றி, அதை நாற்பது வயதுவரை காப்பாற்றினால், அவன் குடும்பத்தில் சர்க்கரை நோய் தள்ளிப்போக அது உதவும். ஆணழகன் கோப்பை கிடைக்காவிட்டாலும் இது பெரிய பலன் என்று நான் நினைக்கிறேன். எட்டு மாதத்தில் நான்கு கிலோவை நான் கொண்டாடுவது இதற்காகவும்தான்.

கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், தம்பி. எடை தூக்குபவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும் என்று 2018-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அதற்கு மேல் போனால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. தசையில் சேர்வது மூன்று கிராம்தானே, பின் ஏன் இவ்வளவு என்றால், பழைய புரதத்தை உடைத்துப் புதிதாகக் கட்டும் வேலை உடம்பு முழுக்க ராப்பகலாக நடக்கிறது, அதில் ஒரு பங்கு எரிந்தும் போகிறது. 62 கிலோவுக்கு நூறு கிராம். நான்கு முட்டையில் 24, இருநூறு கிராம் மீனில் 40, அரை லிட்டர் பாலிலும் தயிரிலும் 16, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10. மீதியை இட்லியும் சோறும் சாம்பாரும் ஒரு பிடி வேர்க்கடலையும் தந்துவிடும். மீன் சாப்பிடாதவர்களுக்கு 50 கிராம் மீல் மேக்கரில் 26 கிராம் இருக்கிறது.

உங்கள் ஊரில் புரதத்துக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீராம்பட்டினம் கரையில் காலையில் வந்து இறங்கும் கவலை மீனும் நெத்திலியும் விலை குறைந்தவை, சத்து மிகுந்தவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது முட்டையும் பருப்பும் அந்த இடத்தை நிரப்பட்டும்.

புரத மாவு விஷம் இல்லை. மோர்ப் புரதம் பாலிலிருந்துதான் வருகிறது. ஆனால் டப்பாவில் எழுதியதை நம்ப முடியவில்லை. 2024-ல் வெளியான ஆய்வில் இந்தியச் சந்தையில் கிடைத்த 36 புரதப் பொடிகளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய 70 சதவீதத்தில் அச்சிட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. சிலவற்றில் பாதிகூட இல்லை. பூஞ்சை நஞ்சு இருந்தவையும் உண்டு. அதே ஆண்டு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் உடற்கட்டுக்காகப் புரதப் பொடி வேண்டாம் என்றே அறிவுரை சொன்னது. மாதம் மூவாயிரம் ரூபாய் டப்பாவுக்குக் கொடுக்க அம்மாவிடம் சண்டை போடுவதைவிட, அந்தப் பணத்தை முட்டைக்கும் மீனுக்கும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

புதுவையில் வாழும் பிள்ளைகளிடம் குடியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பக்கத்தை முடிக்க முடியாது. 2014-ல் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வில், பயிற்சிக்குப் பிறகு புரதம் சாப்பிட்டுவிட்டு மிதமிஞ்சிக் குடித்தவர்களின் தசை உருவாக்கம் கால் பங்கு அளவு குறைந்தது. சனிக்கிழமை காலை கால் பயிற்சி, மாலை பார் என்று இருந்தால் காலை உழைப்பில் ஒரு பகுதி போய்விடுகிறது. தூக்கமும் அப்படித்தான். தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஏழு மணி நேரத் தூக்கம் சுலபம் இல்லை என்று தெரியும். இரவு ஷிப்ட் வாரத்தில் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதனால் எதையும் இழந்துவிடமாட்டீர்கள்.

பெண் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. எடை தூக்கினால் ஆண்மாதிரி ஆகிவிடுவோம் என்ற பயத்தை விடுங்கள். பெண் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு. ஆணுக்கு நான் சொன்ன கணக்கில் பாதி வேகத்தில் தசை கூடும். முழங்காலுக்கும் எலும்புக்கும் சர்க்கரைக்கும் அது மருந்து. முப்பதைத் தாண்டினால் பத்தாண்டுக்கு மூன்று முதல் எட்டு சதவீதம் தசை கரைகிறது. அம்மாக்களும் அத்தைகளும் சேர்ந்தே தொடங்கலாம்.

இதற்கெல்லாம் வெளிநாட்டை உதாரணம் காட்ட வேண்டியதில்லை. அரியாங்குப்பத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அரவிந்தர் ஆசிரமத்தில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே உடற்கல்வியைக் கல்விக்குச் சமமாக வைத்தார்கள். 1949 பிப்ரவரி 21 அன்று அதற்கென்றே ஓர் இதழ் தொடங்கினார்கள். ஆசிரமத்தின் அன்னை எண்பது வயதுவரை டென்னிஸ் ஆடினார். இன்றும் ஆண்டுதோறும் டிசம்பர் 2-ம் தேதி சிறுவர்களிலிருந்து வயதானவர்கள்வரை ஒரே மைதானத்தில் பயிற்சி செய்து காட்டுகிறார்கள். ஆறு வயதில் வந்த பிள்ளை அறுபதிலும் அந்த மைதானத்தில் நிற்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஜிம் நடத்தும் சகோதரர்களுக்கு என் வேண்டுகோள். சேர வரும் பையனிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: முதல் வருடம் ஐந்தாறு கிலோ, அடுத்த வருடம் இரண்டு மூன்று, அதற்குப் பிறகு இன்னும் மெதுவாக. அவன் வேறு ஜிம்முக்குப் போய்விடுவான் என்று பயப்படாதீர்கள். உண்மையைக் கேட்டு நிற்பவன் பத்து வருடம் சந்தா கட்டுவான். உங்கள் கூரைக்குக் கீழே ஊசி கைமாறினால், விற்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் வெளியே அனுப்புங்கள்.

ஏற்கெனவே ஊசி போட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. மருத்துவரிடம் போங்கள். கோரிமேடு ஜிப்மரில் ஹார்மோன் கோளாறுகளுக்கென்றே தனித் துறை இருக்கிறது. என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை வாரம் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். குப்பி இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்